கிச்சன் கதவுக்கு பியூ அடிக்க தொங்கவிடவா, படுக்கப் போடவா? சின்ன ஷெட், சாரல் நேரம்

புளியரை_பட்டறை

வணக்கம் அண்ணாச்சிமாரே. நம்ம பட்டறை செங்கோட்டையில இருந்து புளியரை போற வழியில இருக்கு, கணவாய் தாண்டினா ஆரியங்காவு, அதனால வேலை பாதிக்கு மேல தென்மலை புனலூர் பக்கந்தான் வருது. இப்ப கையில ஒரு கிச்சன், 22 அலமாரி கதவு, 9 டிராயர் முகப்பு, எல்லாம் 18 எம்எம் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செஞ்ச பலகை), சுத்தி சட்டம் நடுவுல பள்ளம் வர்ற ஷேக்கர் டிசைன், வெள்ளை பியூ (பாலியூரித்தேன் பெயிண்டு), பளபளப்பு இல்லாத மேட். சிங்கம், அதாவது மலையாளத்து ஆவணி, பொறந்த முத வாரத்துல பாலுகாச்சு வச்சிட்டாவ. கர்க்கடகத்துல, நம்ம ஆடியில, அங்க எவனும் புது வீடு போகமாட்டான், சிங்கம் பொறந்தா எல்லாவனும் ஒரே நாள்ல போவான், கத்தி நம்ம கழுத்துல.

இது வரைக்கும் நான் படுக்கப் போட்டுத்தான் அடிச்சிருக்கேன். ரெண்டு குதிரை, மேல பலகை, பலகைக்கு அடியில இருந்து ஸ்க்ரூ ஏத்தி முனை மட்டும் மேல நீட்டிக்கிட்டு இருக்கும், அது மேல கதவு. ஷெட்டு 12க்கு 20 அடி, ஒரு தடவைக்கு ஆறு கதவுதான் கொள்ளும். முதுகு அடிச்சு மறுநாள் திருப்பி முகம் அடிச்சு, பிரைமர் ரெண்டு கோட்டு, டாப் ரெண்டு கோட்டுன்னு கணக்கு போட்டா ஆவணி என்ன, ஐப்பசியே வந்திரும். இதுல குத்தால சாரல் வேற, கதவைத் திறந்தா ஈரம், மூடினா ஸ்ப்ரே பொகை. போதாக்குறைக்கு ராத்திரி லைட்டைப் போட்டா ஈசல் நேரா ஈர பெயிண்டுலதான் வந்து உக்காரும், அதுக்கு வேற இடமே இல்லாத மாதிரி.

கூட இருக்கிற பையன் தொங்கவிட்டு அடிப்போம் அண்ணேங்கான். ஒரு கதவ தொங்கவிட்டுப் பாத்தேன். கீழ் மூலையில ரெண்டு பக்கமும் கண்ணீர் விட்ட மாதிரி வடிஞ்சு போச்சு. ஸ்ப்ரே கன் மேல பெயிண்டு கப் இருக்கிற டைப், 1.4 நாசில், 2 எச்பி கம்ப்ரசர். யாராவது தொங்கவிட்டே முழு கிச்சன் முடிச்சிருக்கியளா?

மார்த்தாண்டம்_ஆசாரி

நான் தொங்கவிட்டுத்தான் அடிக்கேன், எனக்க கடையில படுக்கப் போடுதுக்கு எடமே கெடையாது, அதனால வேற வழி இல்லாம படிச்சதுதான். ஸ்லைடிங் டோருக்குப் போடுத ரோலர் சேனல் உண்டுல்லா, அதை உத்தரத்துல 15 அடிக்கு அடிச்சு விட்டுருக்கேன். ஒரு ரோலருக்கு ஒரு கதவு. அடிக்க எடத்துல ஒரு கதவு மட்டும் நிக்கும், முன்னும் பின்னும் அடிச்சு முடிச்ச உடனே தள்ளி அந்த மூலைக்கு விட்டுட்டு அடுத்ததை இழுப்பேன். எல்லாத்தையும் வரிசையா தொங்கப் போட்டு ஒரு ஓரத்துல இருந்து அடிச்சிட்டே போனா பக்கத்து கதவு மேல பொகை படிஞ்சு சொரசொரன்னு உப்புத்தாள் மாதிரி ஆயிரும், அதுக்குப் பயந்துதான் பல பேரு தொங்கவிடுததையே விட்டுட்டாவ.

கொக்கி எங்க மாட்டணும்னு பாத்துக்கிடுங்க. கீழ் கேபினெட் கதவுக்கு அடி விளிம்பு யாருக்கும் தெரியாது, மேல் கேபினெட்டுக்கு மேல் விளிம்பு தெரியாது. அதனால கீழ் கதவை தலைகீழா தொங்கவிடணும், மேல் கதவை நேரா. விளிம்புல ஸ்க்ரூ கொக்கி ரெண்டு. ஒண்ணு போட்டா கதவு சுத்தும், கன் காத்துக்கு ஆட்டம் ஆடும். கீழ் ஓரத்துல ஒரு கட்டுக்கம்பி கட்டி தரையில ஒரு செங்கல்லுல சுத்திட்டா அசையாது.

வடியுதுக்கு கதவு தொங்குதது காரணம் இல்ல வேய், உங்க கை. படுக்கப் போட்டு அடிச்சு பழகின கை ஈரமா ஊத்தும். நிக்குத கதவுக்கு அதே ஊத்து ஊத்தினா பூமி அதை இழுத்துக்கிடும். முத கோட்டு அரைகுறையா பொட்டுப் பொட்டா தெளிச்சு விட்டு, கை வச்சா ஒட்டும் ஆனா இழுக்காதுங்க பதம் வந்ததும் ரெண்டாவது. அவ்வளவுதான்.

பொள்ளாச்சி_பாலீஷ்

வணக்கமுங்க. மார்த்தாண்டம் அண்ணன் சொல்றது அவருக்கு கை வந்திருச்சுங்க, சரிதான். ஆனா படுக்கப் போட்டு அடிச்ச முகத்துக்கு ஈடு எதுவுமே இல்லீங்க. பெயிண்டு தானா சமமாகும், கண்ணாடி மாதிரி உக்காரும், ஆரஞ்சுத் தோல் மாதிரி வர்றது பாதி கொறஞ்சிரும். பளபளக்கற கிளாஸ் பினிஷ்னா நான் தொங்கவிடவே மாட்டேனுங்க.

ஆனா ஒண்ணு, கன் மேல கப் இருக்கிற டைப்ல படுத்த கதவுக்கு மேல குனிஞ்சு அடிச்சா கப் சாயும், மூடியில காத்து ஓட்டை இருக்குமுங்க, அது வழியா ஒரு சொட்டு. ஒரே சொட்டு. போன வருசம் ஒரு டைனிங் டேபிள் பலகை, கடைசி கோட்டு, கடைசி இழுப்பு, நடு மத்தியில சொட்டுச்சுங்க. பாத்துட்டே நின்னேன். கப்பை பாதிக்கு மேல நிரப்பாதீங்க, மூடி ஓட்டையச் சுத்தி ஒரு துணி கட்டிக்கோங்க.

இன்னொண்ணு, கதவை சுத்தி சுத்தி நடந்து அடிச்சா நம்ம சட்டையில இருந்து விழற பஞ்சுதான் முத தூசி. பழைய ஆபீஸ் சேர் அடிப்பாகம் இருக்குதுங்கல்ல, சக்கரத்தை கழட்டிட்டு மேல ஒரு பலகை போட்டு ஸ்க்ரூ முனை வச்சிருக்கேன். நான் நின்ன எடத்துல நிப்பேன், கதவு சுத்தும். அடிச்சதை எடுத்து பேக்கரி ட்ரே வண்டி மாதிரி ஆங்கிள்ல ஒரு ராக் செஞ்சு தட்டு தட்டா ஏத்திருவோம். நாலு சதுர அடியில இருபது கதவு காயும். எடம் இல்லைங்கறதுக்கு அது ஒரு வழி.

புளியரை_பட்டறை

அந்த ராக் ஐடியா அம்சமா இருக்கு. ஆனா அடுத்த தட்டுல இருக்கிற தூசி கீழ் தட்டுல விழாதா அண்ணாச்சி?

மார்த்தாண்டம் அண்ணே, விளிம்புல கொக்கி போட்ட ஓட்டையை அப்புறம் என்ன செய்வியோ? அடி விளிம்பு தண்ணி படுற எடம்லா, சிங்க் கீழ் கதவு எம்டிஎஃப் ஊதினா என் பேருதான் ஊதும்.

மார்த்தாண்டம்_ஆசாரி

நல்ல கேள்வி. டூ பேக் பட்டி, ஹார்ட்னர் தனியா வந்து கலக்குத வகை, அதை வச்சு அடைச்சு, காஞ்சதும் தேச்சு, மிச்சம் இருக்க பியூவை சின்ன பிரஷ்ல ரெண்டு தடவை தொட்டு விடணும். மாட்டுததுக்கு முன்னாடி. மாட்டின பொறவு செய்யலாம்னு விட்டா செய்யமாட்டோம், எனக்குத் தெரியும். சிங்க் கீழ் கதவுக்கு நான் விளிம்புல போடவே மாட்டேன். கீல் கப்புக்கு 35 எம்எம் ஓட்டை முதல்லயே போட்டுருவோம்லா, அதுக்க பக்கத்துல கீல் மாட்டுத ஸ்க்ரூ ஓட்டை ரெண்டு இருக்கும். அதுல ஒரு பிளைவுட் பட்டையை முடுக்கி பட்டை மேல கொக்கி. பட்டை மறைக்க எடத்துல பெயிண்டு ஏறாது, ஆனா அது மேல கீல் தகடுதான் வந்து உக்காரும். ஓட்டைக்க உள்ள மட்டும் சீலர் தடவி விடுங்க.

கம்பம்_இன்டீரியர்

ரெண்டு பேரும் சொல்றது சரிதேன், ஆனா ரெண்டையும் கலக்காதீங்க, அதுக்கு ஒரு கதை இருக்கு.

குமுளியில ஒரு வீடு, ஏலக்காய் யாவாரம் பண்றவரு. அதுவும் வெள்ளை மேட்தேன். எடம் பத்தாம மேல் கதவுகளை தொங்கவிட்டு அடிச்சோம், கீழ் கதவுகளை படுக்கப் போட்டு அடிச்சோம். ஒரே டப்பா, ஒரே கன், ஒரே பையன். பட்டறையில பாத்தப்ப ஒண்ணுமே தெரியல. மாட்டி முடிச்சு மறுநாள் காலைல கிழக்கு ஜன்னல் வெளிச்சம் வந்து விழுந்துச்சு பாருங்க, மேல ஒரு வெள்ளை, கீழ ஒரு வெள்ளை. அந்தம்மா ஒண்ணும் சத்தம் போடல, சும்மா அங்கிட்டு ஒரு தடவை இங்கிட்டு ஒரு தடவை பாத்தாங்க. எட்டு கதவ கழட்டி திரும்ப அடிச்சோம்.

கலர் ஒண்ணுதான், மினுமினுப்புதேன் வேற. மேட் பியூவுல மினுமினுப்பை கொறைக்கிற பவுடர் கலந்திருக்கும், அது டப்பா அடியில படியும், நல்லா கிண்டலைன்னா முத கதவு ஒரு மாதிரி கடைசி கதவு ஒரு மாதிரி. அதோட பெயிண்டு எவ்வளவு கனமா உக்காருது, எவ்வளவு நேரம் ஈரமா இருக்குங்கறதைப் பொறுத்தும் மாறும். படுத்த கதவுல கனமா உக்காரும், நிக்கிற கதவுல மெல்லிசா. அதான் வித்தியாசம். பக்கத்துல பக்கத்துல வர்ற முகம் எல்லாம் ஒரே மாதிரி கெடக்கணும், இல்ல ஒரே மாதிரி நிக்கணும். டிராயர் முகப்பு சின்னதுதானேன்னு அதை மட்டும் படுக்கப் போட்டீங்கன்னா மாட்டிக்கிருவீங்க, அது கதவுக்கு ஒட்டுன மாதிரிதேன் வரும்.

நான் இப்ப செய்றது, பிரைமர் எல்லாத்தையும் தொங்கவிட்டு ஒரே மூச்சில ரெண்டு பக்கமும். பிரைமர் வடிஞ்சா என்ன, எப்படியும் 320 நம்பர் உப்புத்தாள் போட்டு தேய்க்கத்தானே போறோம். டாப் கோட்டு மட்டும் படுக்க. எம்டிஎஃப் வெட்டு விளிம்பு பெயிண்டை குடிக்குமே, தொங்கவிட்டா அந்த நாலு விளிம்பும் கண்ணுக்கு நேரா தெரியுது, அதுவும் ஒரு லாபம்.

பொள்ளாச்சி_பாலீஷ்

கம்பம் அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறுங்க. புளியரை கேட்டதுக்கு, ராக்குல மேல் தட்டுக்கு ஒரு பிளைவுட் கூரை போட்டுருவோமுங்க, ஒவ்வொரு கதவும் கீழ இருக்கற கதவுக்கு கூரைதான். ராக் சக்கரத்துல கருமாந்திர தூசி இருக்கும், அதை உருட்டறப்பத்தான் கிளம்பும், அதனால உருட்டாதீங்க.

அடிக்கறதுக்கு முன்னால தரையில தண்ணி தெளிச்சு விட்டுருங்க, தூசி எழும்பாது.

மார்த்தாண்டம்_ஆசாரி

பொள்ளாச்சிக்கு அது சரி, பாலக்காட்டு கணவாய் காத்துல உங்களுக்கு தூசிதான் எதிரி. புளியரையில சாரல் நேரத்துல தரையிலயும் தண்ணி தெளிச்சா என்ன ஆவும்? டூ பேக் பியூ ஹார்ட்னர் ஈரத்தைக் கண்டா அதோட சேர்ந்து கேஸ் விடும், பெயிண்டுக்க உள்ள குமிழ் குமிழா ஊசிக்குத்து மாதிரி வரும். என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர்னா இன்னும் மோசம், தின்னர் பறக்கும்போ பலகை குளுந்து காத்துல இருக்க ஈரம் மேல படிஞ்சு வெள்ளை பூத்துரும். முந்தின நாளே தரையைக் கழுவி தொடச்சு காய விடுங்க. கம்ப்ரசர் டாங்குக்க அடியில இருக்க வால்வைத் திறந்து தெனமும் தண்ணி எறக்குங்க. ஜூலை மாசம் எனக்கு காலைல ஒண்ணு மத்தியானம் ஒண்ணுன்னு ரெண்டு தடவை எறங்கும், அரை டம்ளர் வரும் ஒவ்வொரு தடவையும். கன்னுக்கு முன்னாடி தண்ணி பிரிக்க பில்டரும் வேணும்.

பொள்ளாச்சி_பாலீஷ்

அது ஒத்துக்கறேனுங்க. எங்களுக்கு ஆடியில கூரைத் தகரமே கிளம்பற காத்து, ஈரத்தைப் பத்தி நெனைக்கறதே இல்லீங்க.

கொழிஞ்சாம்பாறை_வீடு

நான் தொழில்காரி இல்லை, வீட்டம்மா. படிச்சிட்டே இருந்தேன், கேக்கலாமான்னு தெரியல. எங்க கிச்சன்ல மூணு கதவு மட்டும் பெயிண்டு உரிஞ்சிருக்கு. கரண்டுல ஓடற சின்ன ஸ்ப்ரே மிஷின் வாங்கி வச்சிருக்காரு வீட்டுக்காரர், திண்ணையில கயித்துல கட்டி தொங்கவிட்டு நீங்க சொல்ற பியூவே அடிச்சிரலாம்ங்கறார். சரியா வருமா அண்ணன்மாரே?

களியக்காவிளை_பழையபெயிண்டர்

அக்கா, வேண்டாம். நான் இங்க அவ்வளவா எழுதமாட்டேன், இதுக்காகத்தான் வந்தேன்.

டூ பேக் பியூ ஹார்ட்னர்ல ஐசோசயனேட்னு ஒரு ரசாயனம் உண்டு. ஸ்ப்ரே பண்ணினா அது பொடி மழையா காத்துல நிக்கும். மூக்குல துண்டு கட்டினா, கொரோனா மாஸ்க் போட்டா தூசியத்தான் கொஞ்சம் தடுக்கும், ஆவி நேரா உள்ள போவும். நான் பதினெட்டு வருசம் கைக்குட்டைதான் கட்டினேன். இப்ப எங்கயாவது யாராவது ஹார்ட்னர் டப்பாவைத் திறந்தா ரோட்டுல போகும்போதே எனக்கு நெஞ்சு அடைக்கும். டாக்டர் சொன்னாரு, ஒடம்பு ஒரு தடவை அதுக்கு எதிராத் திரும்பிட்டா பொறவு கொஞ்சம் பட்டாலே போதும், மூச்சு முட்டும்னு. வாசம் தெரியலங்கதால இல்லைன்னு அர்த்தம் கெடையாது.

தொழில் பண்ணுதவங்களுக்கும் சொல்லுதேன். கார்ட்ரிட்ஜ் வச்ச மாஸ்க், ஆர்கானிக் வேப்பர்னு போட்டது, தூசி பில்டரும் சேர்ந்தது, மொகத்துல இறுக்கமா உக்காரணும், தாடி இருந்தா உக்காராது. கார்ட்ரிட்ஜை கணக்கு வச்சு மாத்தணும். வெளிக்காத்து குழாய்ல வர்ற மாஸ்க் கெடச்சா அதுதான் இன்னும் நல்லது. கண்ணாடி, கையுறை. பக்கத்துல பிள்ளைய நிக்கக்கூடாது.

அக்கா, உங்க மூணு கதவுக்கு தண்ணியில கரையற எனாமல் வாங்குங்க. கழட்டி, சோப்புத் தண்ணியில எண்ணெய்ப் பிசுக்கு போக கழுவி, தேச்சு, பிரைமர் போட்டு, படுக்கப் போட்டு சின்ன ஃபோம் ரோலர்ல உருட்டுங்க. அந்த மிஷின் காம்பவுண்டு சுவருக்கு ஆகும்.

கொழிஞ்சாம்பாறை_வீடு

ரொம்ப நன்றி அண்ணா. வீட்டுக்காரர்கிட்ட இதை அப்படியே வாசிச்சுக் காட்டிட்டேன். கொஞ்ச நேரம் பேசல. மிஷினைத் திரும்ப எடுத்துப்பாங்களான்னு கேட்டு கடைக்குப் போயிருக்கார்.

கம்பம்_இன்டீரியர்

பழைய பெயிண்டர் அண்ணே, எங்க பசங்களுக்கு நாளைக்கே மாஸ்க் வாங்குறேன். இத்தனை நாள் சொல்லிட்டேதேன் இருந்தேன்.

மார்த்தாண்டம்_ஆசாரி

மாஸ்க் போட்டுட்டுத்தான் அடிக்கேன், ஆனா கார்ட்ரிட்ஜ் எப்ப மாத்தினேன்னு யோசிச்சுப் பாத்தேன், ஞாபகம் வரல. சரி.

புளியரை, ஒரு சின்ன சாமான் சொல்ல விட்டுட்டேன். சீப்பு மாதிரி ஒரு தகடு கிடைக்கும், பல்லுக்கு பல்லு மைக்ரான் நம்பர் போட்டிருக்கும். ஈர பெயிண்டுல குத்திப் பாத்தா எவ்வளவு கனம்னு தெரியும். நிக்குத கதவுக்கு நான் 80ல இருந்து 100 மைக்ரான் ஈரத்துல நிறுத்திருவேன். ஒரு வேஸ்ட் துண்டுல அடிச்சுக் குத்திப் பாருங்க, கதவுல குத்தாண்டாம். ஷேக்கர் கதவுக்கு மூலைதான் எமன். முதல்ல விளிம்பு, பொறவு பள்ளத்துக்க நாலு உள்மூலை, அதுக்கு கன்ல பெயிண்டு ஊத்துததைக் கொறச்சுக்கிட்டு ஒரே இழுப்பு, கடைசியாத்தான் பரப்பு. பரப்பு அடிக்கும்போ மூலை தானா கொஞ்சம் வாங்கிக்கிடும், அந்த கணக்கை மனசுல வச்சுக்கிட்டா கண்ணீர் வராது.

புளியரை_பட்டறை

அண்ணாச்சிமாரே, வேலை முடிஞ்சு போச்சு, நேத்துதான் மாட்டிட்டு வந்தோம். எல்லாருக்கும் பதில் சொல்லணும்னு உக்காந்திருக்கேன்.

சேனல் அடிச்சேன், பிரைமர் முழுக்க தொங்கவிட்டுத்தான். 31 உருப்படி, ரெண்டு பக்கம், ரெண்டு கோட்டு, தேய்ப்போட சேர்த்து மூணு நாள். படுக்கப் போட்டிருந்தா பத்து நாளுக்குக் கொறையாது. அதுல ஒரு கதவு விழுந்துச்சு. மார்த்தாண்டம் அண்ணன் மேல தப்பு இல்ல, பையன் விளிம்புல துளை போடாம கொக்கியை நேரா முடுக்கிட்டான், எம்டிஎஃப் நடுவுல பிளந்து வாய் திறந்திருச்சு. 60க்கு 72 சென்டிமீட்டர் கதவு ஆறு கிலோ பக்கம் வருதுலா, மூலை குத்தி விழுந்து நசுங்கிட்டு. வேற கதவு வெட்டி எடுத்தோம். இப்ப ரெண்டரை எம்எம் பிட்டுல துளை போடாம எவனும் கொக்கியைத் தொடக்கூடாதுன்னு சுவத்துல சாக்பீஸ்ல எழுதிப் போட்டிருக்கேன்.

டாப் கோட்டுக்கு கம்பம் அண்ணன் சொன்னதை கொஞ்சம் மாத்திக்கிட்டேன். முதுகை யாரு பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்கப் போறா? அதனால முதுகுக்கு ரெண்டு கோட்டும் தொங்கவிட்டே அடிச்சேன், அங்கதான் மெல்லிசா அடிக்கக் கைய பழக்கினேன். முகம் எல்லாம், டிராயரும் சேர்த்து, படுக்கப் போட்டு. ராக் செய்ய நேரம் இல்ல, பழைய ஸ்லாட்டட் ஆங்கிள் அலமாரி ஒண்ணு கெடந்துச்சு, தட்டைக் கழட்டிட்டு குறுக்க ரீப்பர் வச்சேன், வேலை ஆயிட்டு. காஞ்ச முதுகு ஸ்க்ரூ முனையில உக்காரும்போ பொட்டு விழுமோன்னு பயந்து முனைக்கு சைக்கிள் வால்வு டியூப் மாட்டினேன். மறுநாள் எடுக்கும்போ பத்து பதினஞ்சு எடத்துல டியூப் தடம் மினுங்கலா வட்டமா பதிஞ்சிருந்துச்சு. வெறும் முனையே தேவலை போல, பாத்து செய்யுங்க.

ரெண்டு நாள் சாரல் நிக்காம அடிச்சதுல வேலையையே நிறுத்தி வச்சேன். அந்த ரெண்டு நாளும் போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, எடுக்கல.

மாஸ்க் வாங்கியாச்சு, எனக்கும் பையனுக்கும். தாடியை எடுத்துட்டேன். வீட்டுல யாருன்னு கேக்காவ.

ஈசல் மேட்டர்தான் பாக்கி. கடைசி நாள், கடைசி ஆறு கதவு, பொழுது சாஞ்சிட்டு, லைட்டைப் போடாம ஓட்டிரலாம்னு பாத்தேன், மூணாவது கதவுல கண்ணு தெரியல, போட்டேன். ரெண்டே நிமிசம். ஒரே ஒரு ஈசல் வந்து ஒரு கதவுல ஒக்காந்திட்டு. ட்வீசர் வச்சு எடுத்தேன், ரெக்கை வந்திட்டு, ஒடம்பு வந்திட்டு, ஒரு கால் உள்ள மாட்டிக்கிட்டு வரல. கிளாஸா இருந்தா 1500, 2000 போட்டு தேச்சு பஃப் பண்ணிருக்கலாம். மேட்டுல தேச்சா அந்த எடம் மட்டும் பளபளக்கும், முழுக் கதவையும் திரும்ப அடிக்கணும். மறுநாள் வண்டி ஏத்தணும். விட்டுட்டேன்.

மார்த்தாண்டம்_ஆசாரி

அந்த கதவை எங்க மாட்டின?

புளியரை_பட்டறை

பிரிட்ஜுக்கு மேல உள்ள பெட்டி. கால் இருக்கிற மூலை சுவத்தை ஒட்டி வர்ற மாதிரி கீலை எதிர் பக்கம் போட்டு மாட்டிட்டேன். வீட்டுக்காரம்மா இது மட்டும் என்ன அந்தப் பக்கமா திறக்குதுன்னு கேட்டாவ. பிரிட்ஜ் கதவுக்கு இடிக்காம இருக்கட்டும்னு சொன்னேன்.

பொள்ளாச்சி_பாலீஷ்

இடிக்காதுங்கறது உண்மைதானுங்களே.